தொண்டைமான் துரோகியா?

துரோகி என்றதும் தமிழ்நாட்டில் எல்லோர் வாயிலும் வரும் பெயர் எட்டப்பன். எட்டயபுரம் படை கும்பெனி பக்கம் நின்றது உண்மைதான். ஆனால் 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்கள் புதுக்கோட்டை விஜய ரகுநாதத் தொண்டைமானின் ஆட்கள்! திருக்களம்பூர் காட்டில் பிடிபட்டவருக்கு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு. கும்பெனிக்குச் செய்த உதவிகளுக்காக 1803-ல் தொண்டைமானுக்குக் கீழாநிலைக் கோட்டை கிடைத்தது. 1959-ல் வந்த சிவாஜி படத்துக்குப் பிறகு எட்டப்பன் பெயர் வசவாகவே ஒட்டிக்கொண்டது. தொண்டைமான் எப்படியோ தப்பித்துக்கொண்டார்.

"தேசத்துரோகம்" என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எந்தத் தேசத்துக்கு? 1799-ல் பாஞ்சாலங்குறிச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் பொதுவான ஒரு நாடு இல்லை. கட்டபொம்மனின் சண்டை கிஸ்தியில் தொடங்கியது. தொண்டைமான்களோ 1750-களில் திருச்சி முற்றுகை நடந்த காலத்திலிருந்தே ஆங்கிலேயரின் கூட்டாளிகள். பழைய நண்பனுக்கு விசுவாசமாக இருந்ததாகத்தான் தொண்டைமான் நினைத்திருப்பார். பிடித்துக் கொடுத்தது நல்ல காரியம் என்று இதற்கு அர்த்தமில்லை. அன்று இல்லாத தேசத்தின் பெயரால் தீர்ப்பு எழுத முடியாது, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் மட்டும் தெளிவாக இருந்ததா என்ன? இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாக இணைந்தது 1707-ல்தான். அதாவது கட்டபொம்மன் தூக்கிலேறியபோது பிரிட்டன் என்ற நாட்டுக்கு வயது 92. சென்னை அண்ணா சாலையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். நாம் அவரையும் "ஆங்கிலேயர்" என்றே எழுதுகிறோம்! சாம்ராஜ்யம் இருந்தவரை ஆங்கிலேயர்களே ஆங்கிலம், பிரிட்டிஷ் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1996 யூரோ கால்பந்துப் போட்டியில்தான் செயின்ட் ஜார்ஜ் சிலுவைக் கொடி ரசிகர்கள் கையில் பெருவாரியாகத் தெரிந்தது. இன்றும் அவர்களுக்கென்று தனி தேசிய கீதம் கிடையாது.

புதுக்கோட்டையில் நாட்டுப்பற்று வேறு வழியில் வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்த திருமயம் இதே சமஸ்தானத்து ஊர். அதாவது பிறப்பால் அவர் தொண்டைமானின் குடிமகன்! சமஸ்தானம் 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணைந்தது. கடைசி ராஜாவின் அரண்மனையில் இப்போது கலெக்டர் ஆபீஸ்.

இதில் மீமிசல் நிலைமைதான் வேடிக்கை. சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் உருவான பிறகுதான் மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கமெல்லாம் "புதுக்கோட்டைக்காரர்கள்" ஆனார்கள். தொண்டைமானின் பெருமையானாலும் பழியானாலும், இந்தக் கடற்கரைக்கு அது மாவட்டத்தோடு சேர்ந்து வந்த சீர்தான்.