உயர்தரப் பரீட்சையும் கணிப்பானும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பௌதிகவியல், இரசாயனவியல் வினாத்தாள்களில், கணிப்பானைப் பயன்படுத்த இடமில்லை என்ற அறிவுறுத்தல் முதற் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். இணைந்த கணிதத்திலும் நிலை அதுவே. கையடக்கத் தொலைபேசியே கணிப்பானாகிவிட்ட இக்காலத்தில் இவ்விதி தேவைதானா என்ற கேள்வி பெற்றோரிடையே எழுவது இயல்பானதே.

இவ்வினாத்தாள்கள் கையால் கணிப்பதற்கென்றே அமைக்கப்படுபவை. பௌதிகவியலில் புவியீர்ப்பு ஆர்முடுகலை 9.81 என்று கொள்ளாமல் 10 என்று கொள்ளச் சொல்வது இதன் பொருட்டே. ஆயினும் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலங்களே தரப்படுகின்றன. வினா ஒன்றுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும்தான் கிடைக்கும். பின்னங்களைச் சுருக்கவும் பத்தின் வலுக்களைக் கையாளவும் தடுமாறும் மாணவர், பாடத்தை அறிந்திருந்தும் புள்ளிகளை இழக்கின்றார்.

பிற இடங்களில் நடைமுறை ஒரே விதமாக இல்லை. அமெரிக்காவின் சாட் பரீட்சை 1994 முதல் கணிப்பானை அனுமதித்தது. இன்று அது கணினித் திரையிலேயே கணிப்பானை வழங்குகிறது. நம் நாட்டின் சர்வதேசப் பாடசாலை மாணவர்கள் தோற்றும் இலண்டன் உயர்தரப் பரீட்சையிலும் கணிப்பானுக்கு இடமுண்டு. இந்தியாவின் ஜேஈஈ, நீட் நுழைவுத் தேர்வுகளோ அதனை முற்றாகத் தடுக்கின்றன. நமது உயர்தரத்திலும் தொழினுட்பத் துறையின் சில வினாத்தாள்களில், செய்நிரல்படுத்த முடியாத கணிப்பான் அனுமதிக்கப்படுகிறது.

நமது பிரதேசத்தின் நிலையிலிருந்து நோக்கினால் இத்தடையில் ஒரு நியாயம் உண்டு. மருதமுனை நெசவாளியின் மகளும் நிந்தவூர் மீனவரின் மகனும், விலையுயர்ந்த கருவி வைத்திருக்கும் கொழும்பு மாணவருடன் மண்டபத்தினுள் வெறும் பேனாவுடன் சமமாக அமர்கின்றனர். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அம்பாறையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகும். இசட் புள்ளி நான்கு தசம தானங்கள் வரை கணிக்கப்படுவதால், ஓரிரு வினாக்களின் தவறே மருத்துவ, பொறியியல் பீடங்களின் கதவை மூடிவிடக்கூடும்.

ஆனால் அச்சமத்துவம் மண்டபத்தினுள் மட்டுமே நிலவுகிறது. வீட்டிலும் தனியார் வகுப்பிலும் தொலைபேசியில் விடை கண்டு பழகிய பிள்ளைக்கு, பரீட்சை நாளன்று கை உதவ மறுக்கிறது. சாதாரண தரக் கணித பாடத்தில் விஞ்ஞானமுறைக் கணிப்பான் அறிமுகப்படுத்தப்படுவது வரவேற்கத்தக்கதே. எனினும் அது கைக்கணிப்பின் இடத்தைப் பிடித்துவிடலாகாது.

எனவே கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள பாடசாலைகள் 6 ஆம் தரத்திலிருந்தே கைக்கணிப்புக்கு நாள்தோறும் சில நிமிடங்களை ஒதுக்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள். உயர்தர மாணவர்கள் கடந்தகால வினாத்தாள்களைக் கணிப்பானின்றி, குறித்த நேரத்துக்குள் செய்து பழகுதல் வேண்டும். பிற்காலத்தில் விதி தளர்த்தப்படுமாயின், அதனைப் பரீட்சைத் திணைக்களம் மாணவர் 12 ஆம் தரத்தில் சேரும்போதே அறிவித்து, ஒரே வகைக் கருவியை அனைவருக்கும் வழங்க வேண்டும். வாங்க வசதியுள்ளவருக்கு மட்டும் பயன்தரும் தளர்வு, இத்தடையிலும் பார்க்க அநீதியானதாகவே அமையும்.