விழித்திரையில் ஒரு செம்மணி

கண்ணினுள் கட்டி என்ற சொல்லைக் கேட்ட அளவிலே, புற்றுநோயோ என்று நெஞ்சம் நடுங்குவது நம்மவர் இயல்பு. முற்காலத்தில் மருத்துவரும் அவ்வாறே ஐயுற்றுச் சில வேளைகளில் கண்ணையே அகற்றியதுண்டு. ஆயின், விழித்திரையில் தோன்றும் கட்டிகள் யாவும் புற்றல்ல. அவ் வேறுபாடு அறியப்பெற்ற வரலாற்றை இம் மலர் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேட்டைப் பார்த்தே வாழும் நமக்குக் கண்ணன்றோ பிழைப்பு!

உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் வெளியிட்டார். 1904-இல் அந்நாட்டு வான் ஹிப்பல் என்பார், விழித்திரையில் செம்மணி போல் தோன்றும் குருதிநாளக் கட்டியை விவரித்தார். பருத்து நெளிந்த இரு நாளங்கள் அதனோடு இணைந்திருத்தலே அதன் அடையாளம். இக் கட்டியுடையார் சிலர்க்குச் சிறுமூளையிலும் கட்டி உண்டாதலை 1926-இல் சுவீடன் நாட்டு லிண்டாவ் காட்டினார். இருவர் பெயராலும் வழங்கும் இப் பரம்பரை நோய், ஏறத்தாழ 36,000 பேரில் ஒருவர்க்கே வருவது.

விழித்திரையில் தோன்றும் இக் கட்டி புற்றன்று. எனினும் நீர் கசிந்து, விழித்திரையைப் பெயர்த்து, பார்வையைக் கவர்ந்துவிடும். 1940-களின் இறுதியில் மேயர்-ஷ்விக்கெராத் என்பார் கதிரவன் ஒளியைக் குவித்து விழித்திரை நோய்க்கு மருத்துவம் செய்தார். அதன் வழித்தோன்றலாகிய லேசரால் இன்று சிறு கட்டிகளைச் சுடுவர். ஓரத்திலுள்ள சற்றுப் பெரியவற்றைக் கடுங்குளிரால் உறையச் செய்வர். விழித்திரை பெயர்ந்துவிடின், 1970-இல் மாக்கெமர் வகுத்த முறைப்படி, கண்ணுள் நிறைந்த கூழ்ப்பொருளை நுண்துளை வழியே அகற்றி அறுவை செய்வர். கட்டி இன்னதெனத் துணிய இயலாத அரிய வேளைகளில், துணுக்கெடுத்துச் சோதிப்பதும் இவ் வழியேயாம்.

தமிழகமும் இத் துறையில் பின்தங்கவில்லை. சென்னையில் 1819-இலேயே தோன்றிய கண் மருத்துவமனை இன்றும் எழும்பூரில் விளங்குகின்றது. பாஸ்டன் நகரில் விழித்திரை மேதை ஷெப்பென்ஸிடம் பயின்று திரும்பிய மருத்துவர் எஸ். எஸ். பத்ரிநாத், 1978-இல் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். 2023-இல் அவர் மறைந்தார். அவர் ஏற்றிய விளக்கு எரிகின்றது.

ஆரியசாலைத் தமிழ்க் குடும்பத்தார் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. பெற்றோருள் ஒருவர்க்கு இந் நோயிருப்பின், மக்கள் ஒவ்வொருவர்க்கும் அது வருதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. இதற்குக் காரணமான மரபணு 1993-இல் கண்டறியப்பட்டமையால், குருதிச் சோதனையாலும் அதனை அறியலாம். தொடக்கத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. ஆதலின் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகட்குக் குறை தோன்றும்வரை காத்திராது, இளமைமுதல் ஆண்டுதோறும் மருந்திட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தல் வேண்டும். நம் திருவனந்தபுரத்திலேயே அதற்கு அரசு கண் மருத்துவமனை உண்டு. கட்டி கடுகளவாயிருக்கையில் காண்போர்க்குக் கண் தப்பும்.