முடி ஒப்பீட்டுத் தடயவியல்

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த முடியையும் சந்தேக நபரின் முடியையும் நுண்ணோக்கியில் அருகருகே வைத்துப் பார்த்து, இரண்டும் ஒருவருடையவையா என்று கருத்துச் சொல்லும் முறை. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க, கனடிய நீதிமன்றங்களில் செல்வாக்குடன் விளங்கியது. செய்யாத குற்றத்துக்குப் பலர் தண்டனை அனுபவிக்கவும் காரணமாக இருந்தது.

செய்முறை

முடியின் மேற்பரப்பில் கூரை ஓடுகளைப்போல் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அதற்குள் நிறமித் துகள்கள் கொண்ட புறணி. நடுவில் மெடுல்லா எனப்படும் உள்தண்டு. ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இரு முடிகளும் ஒரே வட்டத்துக்குள் தெரியும். நிறம், தடிமன், துகள்களின் பரவல், மெடுல்லா தொடர்ந்து ஓடுகிறதா விட்டுவிட்டு ஓடுகிறதா, நுனி வெட்டுப்பட்டதா தேய்ந்ததா என ஆய்வாளர் கண்ணால் பார்த்து முடிவு செய்வார். எத்தனை கூறுகள் ஒத்துவந்தால் பொருத்தம் எனலாம் என்பதற்கு வரையறை கிடையாது. ஒரே தலையில் எடுத்த இரண்டு முடிகளே தம்முள் வேறுபடும்.

மனித முடியா விலங்கின் முடியா, சாயம் ஏறியதா, பிடுங்கப்பட்டதா உதிர்ந்ததா என்று அறிய இம்முறை உதவும். இன்னாருடைய முடிதான் என்று உறுதிசெய்ய உதவாது. அந்த எல்லையை மீறிய சாட்சியங்களே அநீதிக்கு வழிவகுத்தன.

தோற்றமும் வளர்ச்சியும்

1910-இல் பிரான்சில் லம்பேர், பல்தசார் ஆகியோர் மனித, விலங்கு முடிகளைப் பற்றி நூல் வெளியிட்டனர். 1931-இல் ஜான் கிளைஸ்டரின் விரிவான ஆய்வு கெய்ரோவில் வெளியானது. 1932-இல் தொடங்கிய எஃப்.பி.ஐ. ஆய்வகம் இத்துறையின் தலைமையிடமாக வளர்ந்தது. மாநில, உள்ளூர் ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கானோர் அங்கே பயிற்சி பெற்றனர்.

1974-இல் கனடிய ஆய்வாளர் பாரி கோடெட், தலைமுடி தவறாகப் பொருந்த 4,500-இல் ஒரு வாய்ப்பே உண்டு என்று கணித்தார். ஒப்பிட்ட முடிகள் வெவ்வேறு ஆட்களுடையவை என்பது ஆய்வு செய்தவர்களுக்கு முன்பே தெரியும் என்பதால் கணக்கின் அடித்தளமே கேள்விக்குள்ளானது. ஆனாலும் இத்தகைய எண்கள் ஜூரிகளின் முன் தயக்கமின்றிச் சொல்லப்பட்டன. 1985-இல் எஃப்.பி.ஐ. நடத்திய பன்னாட்டுக் கருத்தரங்கமே முடி ஒப்பீட்டால் ஒருவரை அறுதியாக அடையாளம் காண முடியாது என்று ஏற்றுக்கொண்டது. சாட்சிக் கூண்டில் அந்த அடக்கம் கடைப்பிடிக்கப்படவில்லை.

டிஎன்ஏ வெளிப்படுத்திய உண்மை

வேரற்ற முடியிலிருந்தும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் நுட்பத்தை எஃப்.பி.ஐ. 1996-இல் வழக்குகளில் பயன்படுத்தத் தொடங்கியது. நுண்ணோக்கியில் பொருந்துவதாகச் சொல்லப்பட்ட 80 முடிகளில் 9 வேறொருவருடையவை என்று மேக்ஸ் ஹவுக், புரூஸ் புடோவ்ல் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இதன் பொருளைச் சான்டே டிரிபிளின் வழக்கில் தெளிவாகக் காணலாம். 1978-இல் வாஷிங்டனில் டாக்சி ஓட்டுநர் ஒருவரை, காலுறையால் முகத்தை மூடிய ஒருவன் சுட்டுக் கொன்றான். கிடைத்த காலுறையில் 13 முடிகள் இருந்தன. அவற்றில் ஒன்று, அப்போது 17 வயதான டிரிபிளின் முடியுடன் பொருந்துவதாக எஃப்.பி.ஐ. ஆய்வாளர் சாட்சி சொன்னார். அது வேறொருவருடையதாக இருக்கக் கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று அரசு வழக்கறிஞர் ஜூரியிடம் வாதிட்டார். அந்த எண்ணுக்கு எந்த ஆதாரமும் இல்லை. 28 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின், 2012-இல் டிஎன்ஏ சோதனை அந்த 13-இல் ஒன்றுகூட அவருடையதல்ல என்று காட்டியது. ஒன்று நாயின் முடி. அவர் நிரபராதி என்று நீதிமன்றம் அறிவித்தது.

கிளாட் ஜோன்ஸுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. டெக்சாஸ் மதுக்கடைக் கொலை வழக்கில் அவருக்கு எதிரான ஒரே பௌதிகத் தடயம் ஒரு துண்டு முடி. டிஎன்ஏ சோதனை செய்யக் கோரிய மனுக்கள் நிராகரிக்கப்பட்டு, 2000 டிசம்பரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த முடி கொலையுண்டவருடையது என்று 2010-இல் தெரியவந்தது. அவர் நிரபராதி என்று அது நிறுவவில்லை; ஆனால் அவரைக் குற்றத்தோடு பிணைத்த அந்தத் தடயம் இல்லாமல் போயிற்று.

மறுஆய்வு

விஞ்ஞானி ஃபிரெடெரிக் வைட்ஹர்ஸ்டின் புகார்களைத் தொடர்ந்து, எஃப்.பி.ஐ. ஆய்வகத்தின் குறைகளை 1997-இல் நீதித்துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை அம்பலப்படுத்தியது. எனினும் பல வழக்குகளில் பிழையைப் பற்றி அரசு வழக்கறிஞர்களுக்கே தகவல் போனது; சிறையில் இருந்தவர்களுக்குப் போகவில்லை. முடியை ஒரு தனிநபருடன் இணைக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2009-இல் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை கூறியது. வாஷிங்டன் போஸ்ட் இதழின் 2012-ஆம் ஆண்டுச் செய்திகளுக்குப் பிறகு எஃப்.பி.ஐ. பழைய வழக்குகளைப் புரட்டத் தொடங்கியது.

2015 ஏப்ரலில் முதற்கட்ட முடிவு வெளியானது. ஆய்வாளர்கள் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன 268 விசாரணைகளில் 257-இல் பிழையான கூற்றுகள் இருந்தன. அவற்றில் குறைந்தது 33 மரண தண்டனை வழக்குகள். அந்த 33 பேரில் 9 பேருக்குத் தண்டனை ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. சாட்சியம் பிழை என்பதாலேயே இவர்கள் அனைவரும் நிரபராதிகள் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் உயிரைப் பறிக்கும் தீர்ப்புக்கு முன் ஜூரி கேட்டது அறிவியல் அல்ல என்பது ஐயத்துக்கு இடமில்லாதது.

தற்போதைய நிலை

நம்பகத்தன்மை இழந்த அறிவியலின் அடிப்படையில் பெற்ற தண்டனையை எதிர்த்து மனுச்செய்ய வழிசெய்யும் சட்டத்தை டெக்சாஸ் 2013-இல் இயற்றியது. இந்த மறுஆய்வுக்குட்பட்ட கூட்டாட்சி வழக்குகளில் காலம் கடந்துவிட்டது என்று ஆட்சேபிப்பதில்லை என அமெரிக்க நீதித்துறை உறுதியளித்தது. மாநில நீதிமன்றத் தண்டனைகளை இந்த உறுதி கட்டுப்படுத்தாது. எஃப்.பி.ஐ.யிடம் பயின்ற மாநில ஆய்வாளர்கள் சாட்சி சொன்ன வழக்குகளையும் அதே கண்டிப்புடன் திறந்து பார்த்தால்தான் இந்தத் திருத்தம் முழுமை பெறும்.