துவரையும் அதோட கூட்டாளிகளும்

எங்க ஆலங்குளம் வட்டாரத்துல கம்மங்காடு உண்டு, சோளக்காடு உண்டு, கடலைக்காடு உண்டு. துவரங்காடுன்னு யாரும் சொல்லி நான் சின்ன வயசுல கேட்டதே இல்ல. மழையை மட்டும் நம்பி விதைக்கிற புஞ்சையைத்தான் இங்க காடுன்னு சொல்லுவோம். துவரை அந்தக் காடுகளுக்கு உள்ளேயே நின்னுச்சு. கடலை ஆறு சாலுக்கு துவரை ஒரு சால். கம்புக்கு நடுவுல அங்கங்க ஒரு வரிசை. மிச்சம் வரப்போரம்.

இப்போ பட்டணத்துல இருந்து வந்து நிலம் வாங்குறவங்க முதல்ல கேக்கிறது, "துவரையைத் தனியா போடலாமா, சேத்துப் போடலாமா?" இதுக்குப் பதில் சொல்ல கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

மிளகாய், தக்காளி, நிலக்கடலை எல்லாம் தென் அமெரிக்கா பக்கம் இருந்து கப்பல்ல வந்தது. துவரை அப்படி இல்ல, இந்த மண்ணுலயே பிறந்தது. அதோட காட்டுச் சொந்தம் ஒடிசா, சத்தீஸ்கர் பக்கத்துல இன்னும் முளைக்குது. பெல்லாரி பக்கத்துல சங்கனகல்லுங்கிற ஊர்ல தோண்டினப்போ, மூவாயிரம் வருசத்துக்கு முந்தின கருகின துவரை விதை கிடைச்சிருக்கு. இங்கிருந்து ஆப்பிரிக்கா போச்சு. அங்கிருந்து அடிமைக் கப்பல் வழியா கரீபியன் தீவுகளுக்குப் போச்சு. பார்படோஸ்ல புறாவுக்கு இரையாப் போட்டதால வெள்ளைக்காரங்க அதுக்கு 'புறாப் பட்டாணி'ன்னு பேர் வச்சாங்க. ஜமைக்காவுல இன்னைக்கும் கிறிஸ்துமஸ் சோத்துல துவரை உண்டு.

திப்பு சுல்தான் இறந்த மறுவருசம், 1800-ல, பிரான்சிஸ் புக்கானன்னு ஒரு டாக்டரைக் கும்பினிக்காரங்க மைசூர்ச் சீமையைச் சுத்திப் பாத்து எழுதச் சொல்லி அனுப்பினாங்க. கேழ்வரகு விதைப்புக்கு நடுவுல தனிச் சால் விட்டு அவரையும் துவரையும் போடுறதை அவர் குறிச்சு வச்சிருக்கார். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இதை அக்கடின்னு சொல்றாங்க. 1940-ல ஆல்பர்ட் ஹோவர்ட் தன் புத்தகத்துல, கங்கைச் சமவெளியில துவரையைச் சிறுதானியத்தோடயோ மக்காச்சோளத்தோடயோதான் போடுறாங்கன்னு எழுதினார். வடக்கயும் தெக்கயும் சம்சாரிங்க ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க.

காரணம் துவரையோட குணம்தான். முதல் ரெண்டு மாசம் அது நகரவே நகராது. பக்கத்துல கம்பும் சோளமும் விறுவிறுன்னு வளந்து, மூணு மூணரை மாசத்துல அறுப்புக்கு வந்துரும். எங்க பக்கம் புரட்டாசியில விதைச்சா தையில கதிர் அறுப்போம். அதுக்கப்புறம்தான் துவரை கையைக் காலை நீட்டும். மழை நின்னாலும் ஆணிவேர் கீழே இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிடும். மாசி, பங்குனியில காய் காய்க்கும். உதிர்ற இலை மண்ணுக்கு உரம். பருப்பு வீட்டுக்கு, பொட்டு மாட்டுக்கு, மார் அடுப்புக்கும் தட்டி கட்டவும். பருப்பு உடைக்கிறதும் வீட்டுலதான். துவரையை ஊறவச்சு, செம்மண் பிசறிக் காயப்போட்டு, திருகையில உடைப்பாங்க.

1972-ல ஹைதராபாத் பக்கம் படான்செருவுல ஆரம்பிச்ச இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் இந்தக் கூட்டை அளந்து பாத்துச்சு. சோளத்தோட துவரை போட்டா, சோளம் ஏறக்குறைய முழு விளைச்சலும், துவரை தனியா போட்டா வர்றதுல பாதிக்கு மேலயும் கிடைக்குது. சோளம் கூட இருந்தா வாடல் நோயும் குறையுதாம். 1990-ல அங்க இருந்த ஜப்பான் விஞ்ஞானி ஒருத்தரும் அவரு கூட்டாளிகளும் இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க. செம்மண்ணுல இரும்போட ஒட்டிக் கிடக்கிற மணிச்சத்தை, துவரை வேர்ல கசியுற ஒரு அமிலம் பிரிச்சு எடுத்துருது. எங்க செவக்காட்டுல அது ஏன் நல்லா வருதுன்னு அப்பத்தான் விளங்குச்சு.

பிறகு ஏன் இந்தக் கூட்டு உடைஞ்சுது? துவரைக்கு ஒண்ணும் ஆகல, அதோட கூட்டாளிங்கதான் போயிட்டாங்க. ரேஷன் அரிசி வந்ததும் கம்பங்கூழும் சோளச்சோறும் வீட்டை விட்டுப் போச்சு. கிணத்துக்கு மோட்டார் வந்ததும் காடெல்லாம் தக்காளி, கத்தரி, மிளகாய்னு மாறி, ஆலங்குளம், பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகுது. களை எடுக்க வந்த பொம்பளைங்க பலபேர் நிழல்ல உக்காந்து பீடி சுத்துறாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. கலப்புக் காட்டுல களைக்கொல்லி இஷ்டத்துக்கு அடிக்க முடியாது, அறுவடை மிஷினும் இறங்காது. நூறு நாள்ல முடியுற வம்பன் ரகம் மாதிரி குட்டைப் பயிர் வந்தப்போ, தனியா போட்டு ஒரே மூச்சா அறுக்கிறது சுலபமாத் தெரிஞ்சுச்சு.

அந்தச் சுலபத்துல ஒரு ஆபத்து இருக்கு. 2015-ல துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2016-ல மொசாம்பிக்ல இருந்து பருப்பு வாங்க அரசு ஒப்பந்தம் போட்டுச்சு. விலையைப் பாத்து நாடு பூரா சம்சாரிங்க துவரை விதைச்சாங்க. விளைச்சல் வந்ததும் விலை படுத்துருச்சு. அரசு அறிவிச்ச குறைந்தபட்ச விலைகூட சந்தையில கிடைக்கல. துவரையை மட்டும் நம்பினவனுக்கு அந்த வருசம் கையில வேற ஒண்ணும் இல்ல. கூட கம்பு போட்டவன் வீட்டுல தவசமாவது இருந்துச்சு.

அதனால என் பதில் இதுதான். கிணத்துத் தண்ணி இருந்து, மிஷின் இறங்குற அளவு நிலமும் இருந்தா, தனியா போடுறது தப்பில்ல. ஆனா வித்து முடிக்கிற வரைக்கும் தாக்குப்பிடிக்க வேற வருமானம் வேணும். ஒண்ணு ரெண்டு ஏக்கர் மானாவாரின்னா சேத்தே போடுங்க. இந்தப் புரட்டாசிக்கு நானும் கம்பும் துவரையுமாத்தான் போடப்போறேன்.

ஒரு கஷ்டம் மட்டும் பாக்கி. துவரையை வாங்க வியாபாரி வாசலுக்கே வர்றார். கம்பைக் கேக்கத்தான் ஆள் இல்ல. கூலி கொடுத்துக் களை எடுத்த கம்பு விலை போகலைன்னா, அடுத்த வருசம் எவனும் கலந்து விதைக்க மாட்டான். பட்டணத்துல இருக்கிற நீங்க மாசம் ரெண்டு கிலோ கம்பு வாங்கிச் சாப்பிட்டா, இங்க ஒரு துவரைச் சால் சேந்து பிழைக்கும்.