கட்சி நன்கொடையும் கட்டட அனுமதியும்: லண்டன் வெஸ்ட்ஃபெரி விவகாரம்

கிழக்கு லண்டனிலுள்ள டவர் ஹேம்லெட்ஸ், இங்கிலாந்து மற்றும் வேல்ஸில் முஸ்லிம்கள் அதிக விகிதத்தில் வாழும் உள்ளாட்சிப் பகுதியாகும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வசிப்போரில் 39.9 சதவீதம் பேர் முஸ்லிம்கள். அவர்களில் பெரும்பான்மையோர் வங்கதேசப் பின்னணி கொண்டவர்கள். கனரி வார்ஃபின் வங்கிக் கோபுரங்கள் நிற்பதும் இங்கேதான். சிறிய வீடுகளில் பெரிய குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்வதும் இங்கேதான். கவுன்சில் வீடு கேட்டுக் காத்திருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை 20,000-ஐ நெருங்கியிருந்த காலத்தில், இப்பகுதியில் நடந்த ஒரு கட்டட அனுமதி விவகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தையே உலுக்கியது. அரசியல் கட்சிக்கு நன்கொடை தரும் நிலவணிகர்களுக்கு அரசு சலுகை காட்டுகிறதா என்ற கேள்வியைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு சமீப காலத்தில் இல்லை. எனவே அதன் பின்னணியை இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

அச்சகம் இருந்த நிலம்

ஐல் ஆஃப் டாக்ஸ் என்பது தேம்ஸ் நதி மூன்று பக்கம் சூழ்ந்த நிலப்பகுதி. அங்கு சுமார் 15 ஏக்கரில் வெஸ்ட்ஃபெரி அச்சகம் இருந்தது. டெய்லி டெலிகிராப், டெய்லி எக்ஸ்பிரஸ் ஆகிய நாளிதழ்கள் இங்கு அச்சிடப்பட்டன. அச்சகம் மூடப்பட்ட பின் அந்த நிலத்தில் குடியிருப்புகள் கட்டும் திட்டத்தை நார்தர்ன் அண்ட் ஷெல் நிறுவனம் முன்வைத்தது. அதன் உரிமையாளர் ரிச்சர்ட் டெஸ்மண்ட். எக்ஸ்பிரஸ், ஸ்டார் பத்திரிகைகளை 2018 வரை நடத்தியவர்.

2016 ஏப்ரலில், லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் தம் பதவிக்காலம் முடியும் தறுவாயில் அங்கு 722 வீடுகள் கட்ட அனுமதி அளித்தார். 2018-இல் நிறுவனம் புதிய விண்ணப்பம் கொடுத்தது. இம்முறை வீடுகளின் எண்ணிக்கை 1,524. மிக உயரமான கோபுரம் 40 மாடிகளைத் தாண்டியது. திட்ட மதிப்பு சுமார் 100 கோடி பவுண்ட். ஆனால் மலிவு விலை வீடுகளின் பங்கு 21 சதவீதம் மட்டுமே. லண்டனில் எதிர்பார்க்கப்பட்ட அளவோ 35 சதவீதம்.

கவுன்சில் உரிய காலத்தில் முடிவு சொல்லாததால் 2019 மார்ச்சில் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. முடிவெடுக்கும் உரிமை தம்மிடம் இருந்தால் நிராகரித்திருப்போம் என்பதே கவுன்சிலின் நிலைப்பாடு.

அமைச்சரிடம் கோப்பு எப்படிச் சென்றது?

இங்கிலாந்தில் கட்டட அனுமதி வழங்குவது பொதுவாக உள்ளூர் கவுன்சிலின் வேலை. அதன் முடிவு பிடிக்காதவர், அல்லது முடிவே கிடைக்காதவர், மேல்முறையீடு செய்யலாம். அதைத் திட்ட ஆய்வாளர் ஒருவர் விசாரிப்பார். ஆனால் 1990-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, பெரிய வழக்குகளைத் துறை அமைச்சர் தம் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்போது ஆய்வாளர் பரிந்துரை மட்டுமே செய்வார். இறுதி முடிவு அமைச்சருடையது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படி ஒரு கோப்பைக் கையில் எடுக்கும் அமைச்சர், அரசியல்வாதியாக மட்டும் இருப்பதில்லை. இரு தரப்புக்கும் நடுவே தீர்ப்புச் சொல்பவர் ஆகிறார். ஒரு பக்கம் நிலவணிகர். மறுபக்கம் கவுன்சிலும் அப்பகுதி மக்களும்.

வெஸ்ட்ஃபெரி கோப்பு அவ்வாறே அமைச்சகத்துக்குச் சென்றது. 2019 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பொது விசாரணை நடந்தது. மலிவு விலை வீடுகள் போதாது. கிரீனிச்சின் உலகப் பாரம்பரியச் சின்னம், டவர் பிரிட்ஜ் ஆகியவற்றின் தோற்றத்துக்குக் கேடு. எனவே நிராகரிக்கலாம் என்று ஆய்வாளர் நவம்பரில் பரிந்துரைத்தார். அமைச்சக அதிகாரிகளின் ஆலோசனையும் அதுவே.

சவோய் விருந்து

2019 நவம்பர் 18 அன்று லண்டன் சவோய் ஹோட்டலில் கன்சர்வேட்டிவ் கட்சி நிதி திரட்டும் விருந்து நடத்தியது. அதில் வீட்டுவசதித் துறை அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக்கும் ரிச்சர்ட் டெஸ்மண்டும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தனர். டெஸ்மண்ட் தம் கைப்பேசியில் வெஸ்ட்ஃபெரி திட்டத்தின் விளம்பரக் காணொளியை அமைச்சருக்குக் காட்டினார். இதை அவரே பின்னர் பத்திரிகையிடம் கூறினார். அதன்பின் இருவருக்குமிடையே கைப்பேசிக் குறுஞ்செய்திகளும் பரிமாறப்பட்டன.

2020 ஜனவரி 14 அன்று அமைச்சர், ஆய்வாளரின் பரிந்துரையை மீறித் திட்டத்துக்கு அனுமதி அளித்தார். மறுநாள் டவர் ஹேம்லெட்ஸ் கவுன்சில் தன் புதிய சமூக உள்கட்டமைப்பு வரி விகிதத்தை நிறைவேற்ற இருந்தது. இது புதிய கட்டடங்கள் மீது கவுன்சில்கள் விதிக்கும் வரி. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், சாலை, பூங்கா போன்றவற்றுக்கு இப்பணம் செலவாகும். ஒரு நாள் முந்தியதால் நிறுவனத்துக்கு மிச்சமானது 3 கோடி முதல் 5 கோடி பவுண்ட் வரை என மதிப்பிடப்பட்டது. அந்த அளவு கவுன்சிலுக்கு இழப்பு.

இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 28 அன்று, டெஸ்மண்ட் தரப்பு கட்சிக்கு 12,000 பவுண்ட் நன்கொடை அளித்தது பதிவாகியுள்ளது.

நீதிமன்றமும் ஆவணங்களும்

டவர் ஹேம்லெட்ஸ் கவுன்சில் 2020 மார்ச்சில் நீதிமன்றத்தை நாடியது. முடிவு எடுக்கப்பட்ட விதம் குறித்த ஆவணங்களைக் கேட்டது. ஆவணங்கள் வெளிவரும் முன்பே, மே மாதத்தில், அமைச்சர் தரப்பு பின்வாங்கியது. ஒருதலைப்பட்சமாகத் தோன்றும் நிலை இருந்ததால் அந்த அனுமதி சட்டப்படி செல்லாது என்று ஒப்புக்கொண்டது. அனுமதி ரத்தானது.

எனினும் எதிர்க்கட்சியின் அழுத்தத்தால் ஜூன் 24 அன்று பல ஆவணங்கள் வெளியிடப்பட்டன. புதிய வரி நடைமுறைக்கு வந்தால் திட்டத்தின் இலாபம் பாதிக்கும் என்பதால் அதற்குள் முடிவு வெளியாக வேண்டும் என அமைச்சர் வலியுறுத்துவதாக அதிகாரி ஒருவர் எழுதிய மின்னஞ்சல் அவற்றில் இருந்தது. இடதுசாரிகளுக்கு வீணாகப் பணம் போவதை விரும்பவில்லை, ஆகவே விரைவு நல்லது என்ற பொருளில் டெஸ்மண்ட் அமைச்சருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியும் இருந்தது.

அமைச்சரின் தரப்பையும் சொல்வது நியாயம். தமக்கு உண்மையில் எந்தப் பாரபட்சமும் இல்லை. வீடுகள் அதிகம் தேவைப்படும் பகுதியில் வீடு கட்ட அனுமதிப்பதே நோக்கம். டெஸ்மண்டுடன் ஒரே மேசையில் அமரப்போவது முன்கூட்டித் தெரியாது. திட்டம் பற்றிப் பேசுவது முறையல்ல என்று அவரிடம் கூறிவிட்டேன் என்பதே ஜென்ரிக்கின் விளக்கம். நிலத்தை நேரில் பார்க்க வருமாறு டெஸ்மண்ட் அழைத்தபோது, விண்ணப்பதாரரின் செல்வாக்குக்கு உட்பட்டதாகத் தோன்றக் கூடாது எனக் கூறி அவர் மறுத்ததும் அதே ஆவணங்களில் உள்ளது. பிரதமர் போரிஸ் ஜான்சன் விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். 2021 செப்டம்பர் வரை ஜென்ரிக் அப்பதவியில் தொடர்ந்தார்.

அதே ஆண்டு மீண்டும் பொது விசாரணை நடந்தது. நவம்பரில் வேறோர் அமைச்சரான கிறிஸ்டோபர் பின்ச்சர் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்.

லஞ்சம் நிரூபிக்கப்பட வேண்டுமா?

இவ்வழக்கில் யாரும் லஞ்சம் வாங்கியதாகவோ கொடுத்ததாகவோ எந்த நீதிமன்றமும் கூறவில்லை. அப்படியானால் அனுமதி ஏன் ரத்தானது? இதை விளங்கிக்கொண்டால்தான் விவகாரத்தின் சாரம் புரியும்.

பிரிட்டிஷ் சட்டத்தில் இதற்கான அளவுகோல் 2001-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த போர்ட்டர் எதிர் மாகில் வழக்கில் உறுதியானது. விவரம் அறிந்த, நடுநிலையான ஒருவர் வெளியிலிருந்து பார்த்தால், முடிவெடுப்பவர் ஒருபக்கம் சாய்ந்திருக்க உண்மையான வாய்ப்பு உண்டு என்று கருதுவாரா? ஆம் எனில் அந்த முடிவு நிற்காது. முடிவெடுத்தவரின் உள்ளத்தைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

அந்த வழக்கும் வீடுகள் பற்றியதே. 1980-களின் பிற்பகுதியில் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலின் தலைவியாக இருந்த ஷெர்லி போர்ட்டர், வெற்றி இழுபறியாக இருந்த எட்டு வார்டுகளில் கவுன்சில் வீடுகளை விற்று, தம் கட்சிக்கு வாக்களிக்கக்கூடியோரைக் குடியேற்ற முயன்றார். மாவட்டத் தணிக்கையாளர் அவர்மீது 2.6 கோடி பவுண்டுக்கும் அதிகமான பொறுப்புத் தொகையைச் சுமத்தினார். தணிக்கையாளரே ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்ற வாதத்தைப் பரிசீலித்தபோதுதான் மேற்கண்ட அளவுகோல் வகுக்கப்பட்டது. அந்த வாதம் ஏற்கப்படவில்லை. போர்ட்டருக்கு எதிரான முடிவு உறுதியானது.

இந்த அளவுகோல் நமக்குப் புதிதல்ல. பனூ சுலைம் கோத்திரத்தாரிடம் ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். பெற்றோரின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என நபி (ஸல்) அவர்கள் கேட்டது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. கொடுத்தவரின் எண்ணமோ வாங்கியவரின் எண்ணமோ அங்கு விசாரிக்கப்படவில்லை. பதவி இல்லாவிட்டால் இது வந்திருக்குமா என்பது மட்டுமே கேள்வி.

ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா போன்ற ஃபிக்ஹு நூல்கள் காஜியின் ஒழுக்கங்களைப் பேசுமிடத்தில் இதை இன்னும் விரிவாக்குகின்றன. வழக்கு நிலுவையில் உள்ளவரிடமிருந்து காஜி அன்பளிப்பு ஏற்கக் கூடாது. வழக்காடும் இருவரில் ஒருவரை மட்டும் விருந்துக்கு அழைக்கக் கூடாது. ஒருவரிடம் மட்டும் இரகசியமாகப் பேசக் கூடாது. தனக்கென்றே வைக்கப்படும் விருந்துக்குப் போகக் கூடாது. காஜி வரமாட்டார் என்று தெரிந்தால் அந்த விருந்தே நடக்காது என்றால், அது அவருக்காக வைக்கப்பட்ட விருந்து என்பது அந்நூல்கள் தரும் விளக்கம். அமைச்சர்கள் யாரும் வரமாட்டார்கள் என்றால் கட்சி நிதி விருந்துகளின் நுழைவுச்சீட்டுகள் என்ன விலைக்குப் போகும் என்பதை வாசகர்கள் யோசிக்கலாம்.

சவோய் மேசையில் நிலவணிகர் இருந்தார். காத்திருப்போர் பட்டியலிலிருந்த குடும்பங்களில் ஒன்றுகூட அங்கு இல்லை. குறை இங்கேதான் தொடங்குகிறது.

நன்கொடைச் சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் கட்சி நன்கொடைக்கு உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. அந்த வரம்பு அப்போது 7,500 பவுண்ட். 2024 முதல் 11,180 பவுண்ட். டெஸ்மண்டின் 12,000 பவுண்ட் பொதுமக்களுக்குத் தெரிந்தது இந்தப் பதிவேட்டால்தான்.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் பிரிட்டன் கிளை 2021-இல் வெளியிட்ட ஆய்வு, 2010 முதல் 2020 வரை கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வந்த நன்கொடைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நிலவணிகத்தில் கணிசமான ஈடுபாடு உள்ளோரிடமிருந்து வந்ததாகக் கூறியது. ஒவ்வொரு நன்கொடைக்கும் ஒரு பிரதிபலன் உண்டு என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஒரு கட்சி ஒரே தொழிலை இவ்வளவு சார்ந்திருக்கும்போது, அத்தொழில் பற்றிய ஒவ்வொரு முடிவும் சந்தேகத்துக்கு ஆளாகிறது.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2009-இல் நிலவணிகர்களிடமிருந்து அரசியல் நன்கொடை பெறுவதையே தடைசெய்தது. இது அரசியல் கருத்துரிமையைப் பறிக்கிறது என்று தொடரப்பட்ட வழக்கில், 2015-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. நிலத்தின் வகைப்பாட்டை மாற்றும் ஒரே கையெழுத்தால் பெரும் இலாபம் ஈட்டக்கூடிய தொழிலுக்குத் தனிக் கட்டுப்பாடு விதிப்பதில் நியாயம் உண்டு என்பதே அதன் அடிப்படை.

நம் பொறுப்பு

கட்டட விண்ணப்பங்கள் கவுன்சில் இணையதளங்களில் எவரும் பார்க்கும்படி வைக்கப்படுகின்றன. ஆட்சேபம் தெரிவிக்க காலக்கெடுவும் உண்டு. மலிவு விலை வீடுகளின் சதவீதம் என்ன, உள்கட்டமைப்பு வரி எவ்வளவு என்ற இரண்டை மட்டும் பார்த்து, உரிய நேரத்தில் எழுத்தில் கருத்துச் சொல்வது எந்தக் குடும்பத்தாலும் முடிந்த காரியம். வெஸ்ட்ஃபெரியில் இறுதிவரை நின்று போராடியது உள்ளூர் கவுன்சில்தான். அதன் வாதத்துக்குப் பலம் தந்தது பொது விசாரணையில் பதிவான சான்றுகள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளிவாசல் விரிவாக்கத்துக்கும் மதரஸா கட்டடத்துக்கும் நாமும் அனுமதி கோருகிறோம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, அதைத் தீர்மானிக்கும் குழுவிலுள்ள கவுன்சிலரை இஃப்தாருக்கு அழைத்து முதல் வரிசையில் உட்காரவைப்பது நமக்கு உபசரிப்பாகத் தெரியலாம். ஆட்சேபம் தெரிவித்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது எப்படித் தெரியும்? டெஸ்மண்டின் மேசைக்கு நாம் வைக்கும் அளவுகோலை நம் ஸஃப்ராவுக்கும் வைக்க வேண்டும். அவரை அழைப்பதாக இருந்தால் அனுமதியின் முடிவு வந்த பிறகு, அது நமக்குச் சாதகமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அழைப்போம்.