கெட் (லேசர் பலகை விளையாட்டு)

கெட் என்பது இருவர் எதிரெதிரே அமர்ந்து, கண்ணாடி பதித்த காய்களால் லேசர் ஒளியைத் திருப்பிவிட்டு ஆடும் பலகை விளையாட்டு ஆகும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள டுலேன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மைக்கேல் லார்சனும், மாணவர்களான லூக் ஹூப்பர், டெல் செகுரா ஆகியோரும் இதனை வடிவமைத்தனர். 2005இல் டிஃப்ளெக்ஷன் என்று வெளிவந்த இவ்விளையாட்டு, 2006இல் இன்றைய பெயரைப் பெற்றது. காய்களின் பெயர்களும் உருவங்களும் பண்டைய எகிப்தைச் சார்ந்தவை. ஆட்டத்தின் போக்கிற்கும் எகிப்திற்கும் வேறு தொடர்பில்லை.

பலகை 10 நெடுவரிசைகளும் 8 கிடைவரிசைகளும் கொண்டு 80 கட்டங்களால் ஆனது. முறை வந்த ஆட்டக்காரர் தம் காய்களுள் ஒன்றை எத்திசையிலேனும் ஒரு கட்டம் நகர்த்தலாம், அல்லது இருந்த இடத்திலேயே கால் சுற்று திருப்பலாம். அதன்பின் தம் லேசரை இயக்கியே ஆகவேண்டும். கற்றை செல்லும் வழி காற்றில் கண்ணுக்குப் புலப்படாது. கண்ணாடியில்லாத பக்கத்தில் ஒளி பட்டுச் சிவந்து மின்னும் காயைக் கொண்டே அது எங்கு முடிந்தது என்பதை அறியவேண்டும். அவ்வாறு மின்னிய காய் வெட்டுப்படுகிறது. அது ஒளியைச் செலுத்தியவரின் சொந்தக் காயாக இருப்பினும் விதி மாறாது என்பதால், அவசரப்பட்டு ஆடுபவர் தம் கற்றையால் தாமே தோற்பதும் உண்டு. எவருடைய பாரோ, அதாவது அரசன், மீது ஒளி பட்டாலும் ஆட்டம் முடிகிறது.

இரண்டாம் பதிப்பான கெட் 2.0இல் ஒவ்வொரு தரப்புக்கும் 13 காய்கள் உள்ளன. அவற்றுள் 7 பிரமிடுகள். செங்கோண முக்கோண வடிவிலுள்ள இவற்றின் சாய்ந்த முகத்தில் மட்டும் கண்ணாடி உள்ளது. அதில் 45 பாகையில் படும் கற்றை செங்கோணமாகத் திரும்புவதால், ஒளி எப்போதும் வரிசைகளின் வழியே ஓடுமேயன்றி மூலைவிட்டமாக ஓடுவதில்லை. ஸ்காரப் எனப்படும் வண்டுக் காய்கள் இரண்டு. இருபுறமும் கண்ணாடி கொண்டிருப்பதால் இவற்றை வெட்ட இயலாது. மேலும், பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் பிரமிடு, அனுபிஸ் ஆகிய காய்களோடு, அவை எதிராளியுடையவையாயினும், இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை இவற்றுக்கு மட்டுமே உண்டு. இவற்றை வெறும் காவலுக்கு நிறுத்துவோர் பாதிப் பயனை இழக்கின்றனர். அனுபிஸ் காய்கள் இரண்டும் கண்ணாடியற்றவை எனினும் முகத்தில் படும் ஒளியைத் தாங்குகின்றன. லேசரைத் தாங்கிய ஸ்பிங்ஸ் மூலையை விட்டு நகராது. திரும்ப மட்டுமே செய்யும். முதற்பதிப்பில் லேசர்கள் பலகையிலேயே பொருத்தப்பட்டிருந்தன.

கண்ணாடிக்கு உரிமையாளர் உண்டே தவிர, ஒளிக்கு அந்த வேறுபாடு கிடையாது. எதிராளியின் பிரமிடு ஒருவரது தாக்குதலுக்கு வழியமைத்துக் கொடுப்பது இவ்வாட்டத்தில் வழக்கமான நிகழ்ச்சி. ஒளி சென்ற வழியே மீளவும் வரக்கூடியது என்னும் ஒளியியல் விதிப்படி, ஒரு ஸ்பிங்ஸிலிருந்து புறப்பட்ட கற்றை மற்றதன் லேசர் முகத்தைச் சென்றடையுமானால் இருவருக்கும் பாதை ஒன்றே ஆகிறது. அப்போது இடையிலுள்ள ஒரு காயைத் திருப்புபவர் இரு கற்றைகளின் பாதையையும் சேர்த்தே மாற்றுகிறார்.

இவ்விளையாட்டு சதுரங்கக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் முன்னோடி, மைக் டுப்பாங் அடாரி எஸ்டி கணினிக்காக எழுதி, 1987இல் கம்ப்யூட்! இதழ்வழி பரவிய லேசர் செஸ் ஆகும். 9க்கு 9 கட்டங்கள் கொண்ட அக்கணினி விளையாட்டில் ஒரு முறைக்கு இரண்டு நகர்வுகள் உண்டு. கற்றையை இரண்டாகப் பிரிக்கும் காயும் இருந்தது. அத்தகைய பிரிப்பான் பின்னர் கெட்டுக்கும் தனி இணைப்பாக வந்தது குறிப்பிடத்தக்கது. 2007இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கெட்டின் உரிமை நிறுவனமான இன்னொவென்ஷன் டாய்ஸ், லேசர் பேட்டில் என்னும் விளையாட்டை விற்ற எம்ஜிஏ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. கணினித் திரையில் ஆடப்படுவது பலகை விளையாட்டோடு ஒப்பிடத்தக்க துறையன்று என்று கீழ்நீதிமன்றம், காப்புரிமைக்கு எதிராகக் காட்டப்பட்ட லேசர் செஸ் பற்றிய கட்டுரைகளை ஒதுக்கியதை, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும் 2012இல் ஜூரி கெட்டின் பக்கமே தீர்ப்பளித்தது.

பிற்காலத்தில் திங்க்ஃபன் நிறுவனம் இதே விளையாட்டை லேசர் செஸ் என்னும் பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது.