பாராம் ஆறும் பாராளுமன்றமும்

தேர்தல் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கட்சிகளின் வெற்றி தோல்விகளை எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடுவர். 1990ஆம் ஆண்டு அக்டோபர் 20, 21 ஆகிய நாள்களில் நடந்த மலேசியப் பொதுத் தேர்தலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. தேசிய முன்னணி 180 இடங்களில் 127ஐப் பெற்றது. கிளந்தான் மாநில ஆட்சி கைமாறியது. பினாங்கில் 21 ஆண்டுகள் முதலமைச்சராய் இருந்த டாக்டர் லிம் சோங் இயூ, பாடாங் கோத்தா சட்டமன்றத் தொகுதியில் லிம் கிட் சியாங்கிடம் தோற்றார். இவை பெரிய செய்திகளே. ஆயினும் அதே தேர்தலில், கடல் கடந்த சரவாக்கின் உட்பகுதியில், கட்சி எதுவும் சாராத ஓர் இளைஞர் காட்டின் பெயரால் வாக்குக் கேட்டு நாடாளுமன்றத்திற்குள் நுழைந்தார் என்பதைப் பலர் மறந்தே போயினர். அவர் பெயர் ஹாரிசன் ஙாவ் லாயிங், காயான் இனத்தவர். தொகுதி பாராம்.

இந்த வரலாற்றின் ஒரு முனை பாராம் ஆற்றிலும், மறுமுனை பினாங்கு ஜார்ஜ் டவுனிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து இளமையிலேயே பினாங்குக்கு வந்த வணிகர் எஸ்.எம். முகமது இத்ரிஸ், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக இருந்ததை நம்மவர் நன்கு அறிவர். மீனில் நஞ்சு, பாலில் கலப்படம், வீட்டு வாடகை என்று தொடங்கிய அந்தப் பணி, ஆற்றையும் காட்டையும் காக்காமல் பயனீட்டாளரைக் காக்க இயலாது என்ற தெளிவுக்கு வந்தது. அத்தெளிவின் விளைவாக எழுபதுகளின் பிற்பகுதியில் தோன்றியதே ‘சஹாபாட் ஆலாம் மலேசியா’, அதாவது இயற்கையின் தோழர்கள் என்னும் அமைப்பு. அதன் சரவாக் அலுவலகம், பாராம் ஆற்றங்கரையிலுள்ள மாருடி என்னும் சிற்றூரில் அமைந்தது. அதை நடத்தியவர் ஹாரிசன் ஙாவ்.

எண்பதுகளில் அங்கு நிகழ்ந்தது என்ன என்பதை உணர்ந்தாலன்றி 1990ஆம் ஆண்டின் வாக்கு விளங்காது. மழைக்காட்டு மரங்கள் இரவு பகலாக வெட்டப்பட்டு வெளிநாடுகளுக்கு, சிறப்பாக ஜப்பானுக்கு, ஏற்றப்பட்டன. வெட்டுமர உரிமங்கள் யார் யாருக்கு வழங்கப்பட்டன என்பது 1987இல் முதலமைச்சர் தாயிப் மஹ்மூட்டும் முன்னாள் முதலமைச்சர் ரஹ்மான் யாக்கோப்பும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக் கொண்டபோது வெளிப்பட்டது. மாநிலத்தில் சுற்றுச்சூழலுக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் ஜேம்ஸ் வோங்கே வெட்டுமர நிறுவனம் ஒன்றின் உரிமையாளர். வேலியே பயிரை மேய்ந்த கதை வேறு எங்கும் இவ்வளவு வெளிப்படையாக நடந்திருக்குமா என்பது ஐயமே.

ஆறு கலங்கியது, மீன் குறைந்தது, முன்னோர் கல்லறைகள்மீது இயந்திரங்கள் ஓடின. 1987 மார்ச் இறுதியில் பெனான், காயான், கெலாபிட் மக்கள் வெட்டுமரச் சாலைகளின் குறுக்கே கம்பும் கழியும் நட்டு, குடில் கட்டி அமர்ந்தனர். ஜூனில் அவர்களுடைய பேராளர் குழு ஒன்றைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்று தலைவர்களைக் காணச் செய்தவர் ஹாரிசன். அக்டோபரில் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறைப்படுத்திய ‘லாலாங் நடவடிக்கை’ வந்தபோது, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவரும் பிடிக்கப்பட்டார். பினாங்குச் சங்கத்தின் சட்ட ஆலோசகர் மீனாட்சி ராமனும் அதே நடவடிக்கையில் சிறை சென்றார். ஹாரிசன் 60 நாள் காவலில் இருந்து வெளிவந்தும், மாருடியை விட்டு அகலலாகாது என்ற கட்டுப்பாடு அவரைத் தொடர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே சாலை மறியலைக் குற்றமாக்கி வனச் சட்டமும் திருத்தப்பட்டது. மறியல் செய்தால் இரண்டாண்டுச் சிறை, 6,000 வெள்ளி தண்டம்.

மறியலுக்கான வழி இவ்வாறு அடைபட்ட பின்னர்தான் வாக்குச்சீட்டு என்ற எண்ணம் எழுந்தது. வெறும் பதவி ஆசை என்று இதைத் தள்ளிவிடுவது பொருந்தாது. 1988இல் ‘சரியான வாழ்வுமுறை விருது’ சரவாக் இயக்கத்திற்குக் கிடைத்தது. 1990இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் முதன்முறையாக வழங்கப்பட்ட கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு, ஆசியாவுக்கென ஹாரிசனைத் தேடி வந்தது. பரிசுத் தொகை 60,000 டாலர். வீடு கட்டவும் நிலம் வாங்கவும் போதுமான அந்தப் பணத்தை அவர் தம் தேர்தல் செலவுக்கு எடுத்துக் கொண்டார்.

செலவும் சிறிதன்று. பாராம், பினாங்கு மாநிலத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு பரப்புடையது. சாலை என்று சொல்லத்தக்கவை பெரும்பாலும் மரம் ஏற்றும் லாரிகளுக்காக வெட்டப்பட்டவை. மற்றபடி ஆறுதான் வழி. நீண்ட படகும் எரிபொருளும் இன்றி ஒரு நீள்வீட்டிலிருந்து அடுத்த நீள்வீட்டிற்குச் செல்ல இயலாது. எதிரே நின்றவர் அப்போதைய உறுப்பினரான லுஹாட் வான். ஆளும் கூட்டணியின் வேட்பாளர். இன்னொரு தடையும் இருந்தது. மறியலில் முன்னின்ற பெனான் மக்களுள் பலருக்கு அடையாள அட்டையே இல்லை. அட்டை இல்லாதார்க்கு வாக்கும் இல்லை. எனவே, யாருக்காகப் போராட்டம் எழுந்ததோ அவர்களில் ஒரு பகுதியினர் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றனர். இருந்தும் ஹாரிசன் வென்றார்.

உலகில் அன்று பசுமை அரசியலுக்குப் புதுநாள். மேற்கு ஜெர்மனியில் பசுமைக் கட்சியினர் 1983இல் 5.6 விழுக்காடு வாக்குப் பெற்று நாடாளுமன்றம் புகுந்தனர். ஹாரிசனுடன் அதே ஆண்டு கோல்ட்மேன் பரிசு பெற்ற ஆஸ்திரேலியர் பாப் பிரவுன், பிராங்கிளின் ஆற்று அணையை எதிர்த்துச் சிறை சென்று, வெளிவந்த கையோடு தாஸ்மேனியச் சட்டமன்றத்தில் அமர்ந்தவர். பின்னர் 1996 முதல் 2012 வரை செனட்டராகவும் இருந்தார். இருவரையும் ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலனாகும். பிரவுனுக்குப் பின்னே ஒரு கட்சி வளர்ந்தது. ஹாரிசனுக்குப் பின்னே இருந்தவை நீள்வீடுகளே.

அதைவிடப் பெரிய இடர் அரசமைப்பிலேயே இருந்தது. நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. வெட்டுமர உரிமம் தருவதும் மறுப்பதும் கூச்சிங்கின் கையில்; கோலாலம்பூரில் உட்காரும் உறுப்பினர் பேசலாம், வினவலாம், ஓர் உரிமத்தையும் நிறுத்த இயலாது. பன்னாட்டு வெப்பமண்டல மர அமைப்பின் குழுவே 1990இல் சரவாக் சென்று பார்த்து, வெட்டும் அளவை ஆண்டுக்கு 92 லட்சம் கன மீட்டராகக் குறைக்கும்படி கூறியது. அன்று வெட்டப்பட்டது அதில் ஏறத்தாழ இரு மடங்கு. அக்குழுவின் சொல்லே அம்பலம் ஏறவில்லை எனில், தனி உறுப்பினர் ஒருவரின் குரல் எவ்வளவு செல்லும்? ஆகவே ஐந்தாண்டில் அவர் என்ன சாதித்தார் என்று கேட்போர், கேள்வியைத் தவறான மன்றத்தில் கேட்கின்றனர் என்றே சொல்ல வேண்டும். 1995 தேர்தலில் தொகுதி மீண்டும் ஆளும் கூட்டணியிடம் சென்றது.

பினாங்கிலும் அதே 1990இல் கொடிமலை உச்சியைப் பெரும் உல்லாச நகராக்கும் திட்டம் எழுந்து, மக்கள் இயக்கத்தால் கைவிடப்பட்டது. டாக்டர் லிம்மின் தோல்விக்கு மலையே காரணம் என்பது மிகை. எனினும் நகரத்தார் படித்தவர், செய்தித்தாள் அருகிருந்தது, மலை கண்முன் நின்றது. பாராமுக்கு இம்மூன்றும் இல்லை.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணலாம். தீபகற்பத்தில் காட்டை வெட்டி ரப்பர் நட்ட கைகளுள் மிகப் பல தமிழ்க் கைகள். தோட்டத் தொழிலாளி பல தலைமுறை வாழ்ந்த லயத்திற்கும் பட்டா இல்லை. காயானின் வழிவழி நிலத்திற்கும் பட்டா இல்லை. ஒருவன் பிறர் நிலத்தில் உழைத்தான், மற்றவன் தன் நிலத்திலேயே வாழ்ந்தான் என்ற வேற்றுமை பெரிது. ஆனால் வெளியேறு என்ற ஆணை வந்த நாளில், காட்டத் தாள் இல்லை என்பதில் இருவரும் ஒன்றே.

பதவி நீங்கிய ஹாரிசன் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். வழிவழி நில உரிமை வழக்குகளே அவருடைய தொழிலாயிற்று. பாராம் ஆற்றின் குறுக்கே பேரணை கட்டும் திட்டம் வந்தபோது, நிலம் இழக்க இருந்தோர்க்காக வாதாடினார். 2013 அக்டோபரில் மக்கள் மறுபடியும் சாலையில் தடுப்பு நட்டு அமர்ந்து, பருவம் மாறியும் எழாமல் காத்திருந்தனர். 2015இல் முதலமைச்சர் அடெனான் சாத்தெம் அணைத் திட்டத்தை நிறுத்தி வைத்தார். அடுத்த ஆண்டு, நிலத்தை எடுத்துக்கொள்ளும் அரசாணையும் திரும்பப் பெறப்பட்டது. ஜார்ஜ் டவுனில் இத்ரிஸ் அச்செய்தியைக் கேட்க உயிருடன் இருந்தார். 2019 மே 17இல், 93ஆம் வயதில் மறைந்தார்.